வீட்டில் எத்தனை பேர் என்று கேட்ட கடைக்காரர்

ஜியாயி
26 பிப்ரவரி 1991

ஆ-லிங்கின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், அக்கா வீட்டில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கடிதம். நீயும் எழுதியே பதில் போடு.

குழந்தைக்கு இங்கே வந்த இரண்டாம் நாளே இரைப்பு தணிந்துவிட்டது. மாடியில் காயப்போட்ட மெத்தைகளின் மேல் உருண்டுகொண்டிருக்கிறாள். "இந்த வீட்டுல சுவர் அழவே இல்லையேம்மா" என்று கேட்கிறாள். மழை ஓயாத கீலுங்கில் பிறந்தவள். சுவர் என்று இருந்தால் தண்ணீர் வழியும் என்று ஆறு வயது வரை நம்பியிருக்கிறாள்.

"உங்க அக்கா வீட்டுக்கே போய் வெயில் காய்" என்றாய். காய்கிறேன். நன்றாகவே இருக்கிறது.

நான் சும்மா கோபித்துக்கொண்டு வரவில்லை. அலமாரிக்குள் பல்பு எரியவிட்டேன், உப்புப் பெட்டி வைத்தேன், ஆனாலும் அவளுடைய காலணிக்குள் பச்சையாகப் பூத்தது. ஈரமெடுக்கும் மெஷின் வாங்கலாம் என்றபோதெல்லாம், "கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு காத்தைப் பிழியப் போறியா?" என்று சிரித்தாய். மொசைக் தரையில் பூக்கிற வேர்வையைக் காலையும் மாலையும் நான்தான் துடைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ மாப்பைக் கையால் தொட்டதில்லை. இப்போது அங்கே யார் துடைக்கிறார்களோ.

டாக்டர் உன் எதிரில்தான் சொன்னார், வீட்டுக் காற்றில் ஈரம் அறுபது சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை அடங்கும், இவளுக்கும் நல்லது என்று. ஈரம் காட்டும் மானி ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முள் எங்கே நிற்கிறது என்று எழுது. உன் அபிப்பிராயம் வேண்டாம்.

ஜூன் கடைசியில் இவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குள் முள் அறுபதுக்குக் கீழே வந்தால் கீலுங்கில் கொடுக்கிறேன். வராவிட்டால் இங்கே. இங்கே கொடுத்தால் ஆறு வருஷம் இங்கேதான். யோசித்துக்கொள்.

யுவே-சியா

•

கீலுங்
6 மார்ச்

யுவே-சியாவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் திக்கென்றது. வட்டமாக, கண்ணாடி போட்டு, முள்ளோடு இருக்கிறது. கடிகாரம் அனுப்பிவிட்டாள், என்னைத் தலைமுழுகிவிட்டாள் என்றே நினைத்தேன். நம்மில் யார் யாருக்குக் கடிகாரம் கொடுப்பார்கள், வாயால் சொன்னாலே சாவுக்கு வழியனுப்புவது மாதிரி ஒலிக்குமே? கிட்டத்தில் பார்த்த பிறகுதான் மானி என்று தெரிந்தது. இருந்தாலும் இந்தக் கவரில் ஒரு யுவான் நாணயம் வைத்திருக்கிறேன். விலைக்கு வாங்கியதாக ஆகிவிடட்டும். வாங்கிக்கொள்.

முன்னோர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். எண்பத்தெட்டு. மானி பழுது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்போது ஊதுபத்தி கொளுத்தப் போனேன், தீக்குச்சி ஒன்றுகூடப் பற்றவில்லை. சரி, மானி சரியாகத்தான் இருக்கிறது.

கோவில் தெருவில் லுவோ கடைக்குப் போனேன். இழுவைப் படகு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன் நான், தண்ணீர் உறிஞ்சுகிற ஒரு பெட்டியை வாங்கத் தெரியாதா என்ற தைரியத்தில்தான் போனேன். மூன்று வைத்திருக்கிறார். ஒன்று கைப்பெட்டி அளவு, ஒன்று நடுத்தரம், ஒன்று என் இடுப்பு உயரம். சின்னதை எடுத்துக் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை.

"சின்னது ராப்பகலா ஓடித் தவிக்கும், கரண்டும் போகும், ஈரமும் போகாது. பெரிசு நின்னு நின்னு ஓடும். வீட்டு அளவை மட்டும் பாக்காதீங்க. மூச்சு விடுறது, குளிக்கிறது, சோறாக்குறது, துணி காயப்போடுறது எல்லாமே ஈரம்தான். வீட்டுல எத்தனை பேரு?"

அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோவில் வாசல் கடையில் மீன் உருண்டை சூப் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எத்தனை பேர் என்று எழுது. அதைப் பொறுத்து வாங்குகிறேன்.

சிங்-தெ

•

ஜியாயி
15 மார்ச்

ஆ-லிங்கின் அப்பாவுக்கு,

நாணயம் வந்தது. குழந்தை அதை உண்டியலில் போட்டுவிட்டாள்.

எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதே. அதற்கு முள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே அக்காவுக்கு மெஷின் தேவையில்லை. ஆனால் அக்காவின் நாத்தனார் தைப்பேயில் வைத்திருக்கிறாள், அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கடையிலேயே ஓடவிட்டுச் சத்தத்தைக் கேள், பக்கத்தில் தூங்க வேண்டியது நீதான். தொட்டி நிறைந்தால் தானாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை முடிந்து வரும்போது வீடு குளமாக இருக்கும். தூசி பிடிக்கும் வலையைக் கழற்றிக் கழுவ வரவேண்டும். பின்னால் குழாய் மாட்ட ஒரு துவாரம் இருக்கும், அதைக் குளியலறை வரை இழுத்துவிட்டால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இதையெல்லாம் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நீயே கேள். உனக்குக் கடையில் கேள்வி கேட்பதென்றால் மானக்கேடு என்று எனக்குத் தெரியும். கேள்.

நேற்று இவள் வான்கோழிச் சோறு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். தெருமுனை வரை ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன், மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

யுவே-சியா

•

கீலுங்
4 ஏப்ரல்

யுவே-சியாவுக்கு,

வாங்கிவிட்டேன். பெரியதை. லுவோ என் தலையில் தள்ளிவிட்டார்.

நீ சொன்னதையெல்லாம் கேட்டேன். வலை கழற்ற வருகிறது. தொட்டி நிறைந்தால் மணியடித்து நிற்கிறது. சத்தம் என் படகு எஞ்சினுக்குத் தங்கை மாதிரி, எனக்குத் தாலாட்டுத்தான். குழாய்த் துவாரமும் இருக்கிறது, ஆனால் மாட்டவில்லை. கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணீர், அதைச் சாக்கடைக்கு அனுப்ப மனசு வரவில்லை. வீணாக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் தொட்டி நிறைந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இவ்வளவும் நாம் மூச்சோடு இழுத்துக்கொண்டிருந்த தண்ணீரா? காற்றைப் பிழியப் போறியா என்று கேட்டவன் நான்தான். பிழிய வருகிறது. இதை நீ அக்காவுக்குப் படித்துக் காட்டாதே.

முள் எண்பதில் நிற்கிறது. இறங்கும்.

ஆ-லிங் ஓடினாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இங்கே அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

சிங்-தெ

•

ஜியாயி
13 ஏப்ரல்

ஆ-லிங்கின் அப்பாவுக்கு,

ஒரு ஆளுக்கு எதற்கு இடுப்பு உயர மெஷின்? சரி, வாங்கியாயிற்று.

எண்பது போதாது. ஜன்னல் திறந்திருக்கிறதா? உனக்குத் துறைமுகம் தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது, கூடத்து ஜன்னல் ஒருபோதும் முழுக்க மூடியிருக்காது. கடல் காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் மெஷின் கீலுங் துறைமுகத்தையே குடித்துத் தீர்க்க வேண்டும். மூடு. அறைக் கதவுகளைத் திறந்து வை. மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காதே.

இவள் உன்னைப் படமாக வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற பெட்டிதான் மெஷின். அதற்கும் கண்ணும் வாயும் போட்டிருக்கிறாள். உன்னைவிட அது கொஞ்சம் சிரிக்கிறது.

யுவே-சியா

•

கீலுங்
3 மே

யுவே-சியாவுக்கு,

ஜன்னல் திறந்துதான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கமாட்டேன்.

மூடினேன். எழுபத்துமூன்றுக்கு இறங்கியது. அன்றைக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மானியைத் தட்டிப் பார்த்தேன், வேறு சுவரில் மாட்டிப் பார்த்தேன், வலையைக் கழுவினேன். மெஷின் மேல் குற்றம் சொல்ல முடியாது. காலையில் ஒரு தொட்டி, சாயங்காலம் ஒரு தொட்டி, தினமும் நிரம்புகிறது. இவ்வளவு தண்ணீரை எடுத்த பிறகும் முள் அசையவில்லை என்றால் எங்கிருந்து வருகிறது? மூடிய வீட்டுக்குள் மெஷின் சூட்டில் நான்தான் வேர்த்துக் கொட்டுகிறேன். அதுவும் ஈரக் கணக்கில் சேருமோ என்னவோ.

மழை விடவில்லை. இனி மே மழை, அப்புறம் ஜூன் மழை. ஜூன் கடைசி என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் தள்ள முடியுமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்.

படத்தை மெஷின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். சுருளவில்லை. இந்த வீட்டில் ஒட்டிய காகிதம் சுருளாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

சிங்-தெ

•

ஜியாயி
12 மே

ஆ-லிங்கின் அப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீயும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

உன் கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன், அக்கா படித்துவிட்டாள். படித்துவிட்டு, "ஒத்தை ஆம்பளை வீட்டுல தினம் ரெண்டு தொட்டித் தண்ணியா? உன் புருஷன் சமைக்கிறதே இல்ல. அங்க இன்னொருத்தி சோறாக்கி, தலைக்குக் குளிச்சு, கூந்தலைக் காய வைக்கிறாடி" என்றாள்.

அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. பெரிய மெஷின் எதற்கு வாங்கினாய் என்ற கேள்விக்கும் நீ பதில் சொல்லவில்லை. தள்ளிவிட்டார் என்று எழுதிவிட்டு விட்டுவிட்டாய்.

பள்ளிக்கூடத்தில் தள்ளிப்போட முடியாதாம். அக்கா இங்கேயே பெயர் கொடுத்துவிடு என்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உன் பதிலைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அந்த வீட்டில் எத்தனை பேர்?

யுவே-சியா

•

கீலுங்
17 மே

யுவே-சியா,

யாரும் இல்லை. நான் ஒருத்தன்தான்.

உன் கடிதத்தைப் படகில் வைத்துப் பிரித்தேன். கையில் இருந்த ஸ்பானர் தண்ணீரில் விழுந்துவிட்டது. நீ கேட்டாயா, உன் அக்கா கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். நீ தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதுதான் சுட்டது.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். கொடியில் என் பனியனைத் தவிர எதுவும் தொங்கவில்லை. அதுவும் குளியலறையில், கதவைச் சாத்திவிட்டு. அடுப்பு பற்ற வைப்பதில்லை, சாப்பாடு கோவில் வாசலில். காலையில் எழுந்ததும் தொட்டியை எடுத்து வாளியில் ஊற்றி, கூடம், இரண்டு அறை, சமையலறை எல்லாவற்றையும் மாப் போட்டுத் துடைக்கிறேன். சொட்டச் சொட்ட, மூலை முடுக்கு விடாமல். வேலைக்குப் போகிறேன். வந்ததும் அடுத்த தொட்டி, மறுபடி அதே மாதிரி வீடு முழுக்க மாப். ஊதுபத்தி ஏற்றுகிறேன், முள்ளைப் பார்க்கிறேன், படுக்கிறேன். இவ்வளவுதான். இதில் ஒருத்தியை எங்கே ஒளித்து வைப்பது?

மாப்பைக் கையால் தொட்டதில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அது சரிதான். மெஷின் வந்த நாளிலிருந்து ஒரு வேளைகூட விடவில்லை. எழுதாமல் வைத்திருந்தேன். நீ வந்து கதவைத் திறக்கும்போது தரை பளபளவென்று இருக்க வேண்டும், நீ வாயடைத்து நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. அதையும் இப்படிக் கோபத்தில் சொல்ல வைத்துவிட்டாய்.

நம்பினால் நம்பு. நம்பாவிட்டால் ரயிலேறி வந்து பார்.

சிங்-தெ

•

ஜியாயி
24 மே

சிங்-தெ,

அசடே.

முதலில் மன்னித்துக்கொள். அக்கா கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். அக்கா பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்க வேண்டும், விடவில்லை. தப்பு என்னுடையது.

உன் கடிதம் வந்தபோது இங்கே கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபடியே படித்தேன். படித்து முடித்துக் குனிந்து பார்த்தால் தரை காய்ந்துவிட்டது. நான் பிழிந்து துடைத்த தண்ணீர் எங்கே போயிற்று? ஜன்னல் வழியாக வெயிலுக்குப் போயிற்று. அப்படியானால் நீ துடைக்கும் தண்ணீர்? உன் ஜன்னல்தான் மூடியிருக்கிறதே. நான்தானே மூடச் சொன்னேன்.

புரிகிறதா? காலையில் நீ தரையில் தடவுகிற தொட்டித் தண்ணீர் பகலெல்லாம் காற்றில் ஏறுகிறது. மெஷின் அதைப் பிடித்துச் சாயங்காலம் உன் கையில் கொடுக்கிறது. நீ சந்தோஷமாக வாங்கி மறுபடி தரையில் தடவுகிறாய். ஏப்ரலில் இருந்து நீயும் அந்த மெஷினும் ஒரே தண்ணீரை மாற்றி மாற்றிக் கொடுத்து விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் சிரித்த சிரிப்பில் அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். சொன்னேன். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தாளுக்கு இன்னொருத்தி எதுக்கு, மாப்பே போதும்" என்றாள். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. நான் ஒரு வரி எழுதினேன் என்பதற்காக நீ காலையும் மாலையும் குனிந்து துடைத்திருக்கிறாய். அந்தத் துடைப்புத்தான் என்னை வரவிடாமல் பண்ணியிருக்கிறது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

இனி தரையில் ஒரு சொட்டு விழக்கூடாது. குழாயை மாட்டிக் குளியலறைக்கு விடு. தண்ணீரை விட மனசு வராவிட்டால் கக்கூஸில் ஊற்று, அது தரைக்குத் திரும்பி வராது. தூசி இருந்தால் காய்ந்த துணியால் துடை. மாப்பை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. பத்திரமாக வை, நான் அதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் முள் இறங்காமல் வரமாட்டேன். அது மாறவில்லை.

தள்ளிவிட்டார் என்று எழுதினாயே, உன் தலையில் யாரும் எதையும் தள்ளிவிட முடியாது. லுவோவிடம் எத்தனை பேர் என்று சொல்லி வாங்கினாய்?

யுவே-சியா

•

கீலுங்
8 ஜூன்

யுவே-சியாவுக்கு,

ஐம்பத்தேழு.

எழுதிவிட்டு மறுபடி எழுந்துபோய்ப் பார்த்தேன். ஐம்பத்தேழுதான். வெளியே மழை கொட்டுகிறது.

மாப்பை நிறுத்திய இரண்டு நாளில் தொட்டி பாதிகூட நிறையவில்லை. மெஷின் படுத்துவிட்டது என்று பயந்து முதுகைக் கழற்றினேன். ஒரு கோளாறும் இல்லை. அப்புறம்தான் மண்டையில் ஏறியது, எடுக்க அதற்குத் தண்ணீர் இல்லை. போன மாதம் ஒரு புதுப் பையன் பம்ப் குழாயின் வாயைப் படகுக்குள்ளேயே போட்டுவிட்டுக் காலையிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். துறைமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவனைத் திட்டினேன். நேற்று அவனுக்கு மீன் உருண்டை சூப் வாங்கிக் கொடுத்தேன்.

அலமாரியைத் திறந்தேன், நாற்றமில்லை. உன் குளிர்கால மேல்கோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். துணி வாசனைதான் வந்தது. ஆ-லிங்கின் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தேன், மொறமொறப்பாக இருக்கிறது. தீக்குச்சி முதல் உரசலில் பற்றுகிறது. தரையில் மட்டும் தூசி, அதை உனக்காகத் துடைக்காமல் வைத்திருக்கிறேன். மாப் கதவுக்குப் பின்னால் எலும்பாகக் காய்ந்து நிற்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். லுவோ இரண்டாம் தடவையும் அதையேதான் கேட்டார். மூன்று பேர் என்றேன். "எல்லாரும் வீட்டுலதான இருக்காங்க?" என்றார். "இருக்காங்க" என்றேன். அப்போது எண்பத்தெட்டு, நீ கடிதத்தில் என் பெயரைக்கூட எழுதாத நேரம். அப்படியும் வாய் அதைத்தான் சொன்னது.

நீங்கள் வந்தால் முள் ஏறும், தெரியும். குளிப்பீர்கள், சோறு பொங்கும், அவள் துண்டு கதவில் தொங்கும். ஏறட்டும், இறக்கிக்கொள்ளலாம். மூன்று பேருக்கு வாங்கிய மெஷின், இப்போது பாதி நாள் சும்மா நிற்கிறது. நான் ஒருத்தன் விடுகிற மூச்சு அதற்குப் போதவில்லை.

எந்த ரயில் என்று எழுது.

சிங்-தெ